ரீமேக், ரீமாஸ்டர், டெஃபினிட்டிவ் எடிஷன்: அட்டைப் பெயரை நம்பி வாங்கலாமா?

#1 புதுக்கன்ட்ரோலர்

வணக்கம் மக்களே. இத்தனை காலம் மொபைலில் மட்டும் ஆடிக்கொண்டிருந்தேன். இப்போதுதான் சுமாரான கிராஃபிக்ஸ் கார்டு போட்ட ஒரு பிசி தேற்றியிருக்கிறேன். ஸ்டீம் என்கிற இணையக் கடையில் தள்ளுபடி போட்டிருக்கிறார்கள் என்று திறந்தால் தலை சுற்றுகிறது. ஒன்றில் ரீமேக் என்கிறான், ஒன்றில் ரீமாஸ்டர்ட் என்கிறான், இன்னொன்றில் டெஃபினிட்டிவ் எடிஷன். ரெசிடென்ட் ஈவில் வரிசையில் மட்டும் ஒரே பெயரில் இரண்டு இரண்டாகக் கிடக்கிறது.

பழையவை எதையும் நான் ஆடியதில்லை. அதனால் மலரும் நினைவுகள் கணக்கில் வராது. ரீமேக்குக்கும் ரீமாஸ்டருக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? எதை நம்பிக் காசு போடலாம்?

#2 கஞ்சப்பிரபு

பழையதை இஸ்திரி போட்டு விற்றால் ரீமாஸ்டர். புதுத்துணி எடுத்துத் தைத்தால் ரீமேக். இரண்டுக்கும் ஒரே விலை கேட்டால் கடையை மாற்று தம்பி.

#3 யமுனா_ஷேடர்

பிரபு அண்ணா சொன்னது சரிதான், ஆனால் துணி எங்கே முடிகிறது, இஸ்திரி எங்கே தொடங்குகிறது என்பதில்தான் சண்டையே. நான் விளையாட்டுகளுக்கு முப்பரிமாண மாடல் செய்து கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

ஒரு விளையாட்டில் கண்ணுக்குத் தெரிவது ஒரு அடுக்கு: மாடல், அதன் மேல் போர்த்தும் டெக்ஸ்சர் படம், ஒளி. கண்ணுக்குத் தெரியாதது இன்னொரு அடுக்கு: பொத்தானை அமுக்கினால் எவ்வளவு உயரம் குதிப்பான், எதிரி எப்போது திரும்பிப் பார்ப்பான், எந்தக் கதவு எப்போது திறக்கும் என்கிற கோடு, அதாவது நிரல். பொதுவாக, அந்த அடி அடுக்கைத் தொடாமல் மேலே துலக்கினால் ரீமாஸ்டர். அடியையும் புதிதாக எழுதினால் ரீமேக்.

இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் மாதிரி வேறு இல்லை. 2005ல் பிஎஸ்2க்கு (பிளேஸ்டேஷன் 2) வந்தது. அந்தப் பெட்டியால் தாங்க முடியாத அளவு பெரிய ஆட்டம். ராட்சதன் எழுந்து நின்றாலே ஃபிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து மாறும் படங்கள், திணறும். 2011ல் புளூபாயின்ட் என்கிற டெக்சாஸ் நிறுவனம் அதை பிஎஸ்3க்குக் கொண்டுவந்தது. அதே மாடல்கள்தான். ஆனால் படம் துல்லியம், ஓட்டம் சீர். இது ரீமாஸ்டர். 2018ல் அதே நிறுவனம் அதே ஆட்டத்தை பிஎஸ்4க்கு மறுபடியும் செய்தது. இந்தமுறை புல், பாறை, ராட்சதனின் முதுகு ரோமம் வரை எல்லாம் புதிதாக வரைந்தது. இதை ரீமேக் என்கிறோம்.

ஆனால் இங்கேதான் விஷயம். அந்த 2018 ரீமேக்கின் அடியில் ஓடுவது பழைய ஆட்டத்தின் தர்க்கமேதான். ராட்சதன் நடந்துகொள்ளும் விதம் அப்படியே இருக்கிறது. நான் மேலே சொன்ன இலக்கணப்படி பார்த்தால் அது பாதி ரீமாஸ்டர்.

#4 பிரவுசிங்சென்டர்_ராஜா

> ரீமேக்குக்கும் ரீமாஸ்டருக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்?

இவ்வளவு எதற்கு. சினிமாவில் இல்லாததா? 1964ல் வந்த கர்ணனை 2012ல் டிஜிட்டலில் சுத்தம் செய்து மறுபடி தியேட்டரில் விட்டார்கள். அது ரீமாஸ்டர். 1980 பில்லாவை 2007ல் வேறு நடிகர்களை வைத்து எடுத்தார்கள். அது ரீமேக். முடிந்தது.

#5 மூடுபனி

ராஜா அண்ணே, சினிமா உவமை பாதி வழிவரைதான் வரும். படம் பார்ப்பவன் கையில் எதுவும் இல்லை. விளையாட்டில் கை இருக்கிறது. அதனால் ரீமேக் செய்பவர்கள் ஒன்றை மாற்றினால் அதைத் தொட்டு நாலு தானாக மாறும்.

ரெசிடென்ட் ஈவில் 2ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1998ல் வந்த பழையதில் கேமரா சுவர் மூலையில் ஆணியடித்த மாதிரி நிற்கும். பின்னணி முன்கூட்டியே வரைந்த படம். ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் கதவு திறக்கும் காட்சி மட்டும் கறுப்புத் திரையில் வரும். அது பயமுறுத்த வைத்தது போலத் தெரியும். உண்மையில் அடுத்த அறை டிஸ்கிலிருந்து ஏறுவதற்கு நேரம் வாங்கும் வேலை. இதில் ஒரு மறைமுக வசதி உண்டு: கதவைத் தாண்டிவிட்டால் துரத்துகிறவன் பெரும்பாலும் பின்னால் வர மாட்டான்.

2019 ரீமேக்கில் கேமரா தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது. கதவுத் திரை கிடையாது. போலீஸ் நிலையம் முழுக்க ஒரே தொடர்ச்சியான கட்டடம். விளைவு என்ன? மிஸ்டர் எக்ஸ் என்கிற அந்தத் தொப்பிக்காரன் அறை அறையாக நம்மைத் தேடி வருகிறான். மேல் மாடியில் அவன் பூட்ஸ் சத்தம் கேட்கும். துப்பாக்கி சுட்டால் அந்தத் திசைக்குத் திரும்புவான். பழையதில் குறித்த இடங்களில் மட்டும் வந்துபோனவன், புதியதில் நம்மோடு அதே கட்டடத்தில் குடியிருக்கிறான். கதை அதே கதை. ஆனால் அது வேறு ஆட்டம். கேமராவை இறக்கியதற்கும் கதவை எடுத்ததற்கும் கிடைத்த பலன் இது.

அதனால்தான் இரண்டையுமே வைத்துக்கொள்ளலாம் என்கிறேன். ஒன்று இன்னொன்றின் இடத்தைப் பிடிக்கவில்லை.

#6 புதுக்கன்ட்ரோலர்

நன்றி அண்ணா, அக்கா. இப்போது இன்னும் குழப்பம். ஒப்லிவியன் என்று ஒன்று பட்டியலில் இருக்கிறது. பெயரில் ரீமாஸ்டர்ட் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்தால் சம்பந்தமே இல்லை. இது எந்த வகை?

#7 யமுனா_ஷேடர்

நல்ல இடத்தில் கை வைத்தாய். ஒப்லிவியன் 2006ல் வந்தது. ரீமாஸ்டர்ட் 2025 ஏப்ரல் 22 அன்று முன்னறிவிப்பே இல்லாமல், அறிவித்த அன்றே விற்பனைக்கும் வந்தது. மூலத்தைச் செய்த பெத்தெஸ்டாவோடு சேர்ந்து விர்ச்சுவோஸ் என்கிற நிறுவனம் செய்தது. திரையில் நாம் பார்ப்பதெல்லாம் அன்ரியல் எஞ்சின் 5 (எஞ்சின் என்றால் ஆட்டத்தை ஓட்டும் அடிப்படை மென்பொருள்). அடியில் மூளையாக ஓடுவது 2006ன் பழைய எஞ்சினே. ஊர்க்காரன் எப்போது சாப்பிடப் போவான், எறிந்த தட்டு எங்கே விழும், இதெல்லாம் பழைய கோடு பார்த்துக்கொள்கிறது. அன்ரியல் வெறும் முகம்.

அதற்குச் சாட்சி வேண்டுமா? டான்டில்வே என்று ஒரு பாத்திரம். பழையதில் குரல் கொடுத்தவர் நடுவில் வரியைத் தப்பாகப் படித்து, இன்னொரு முறை சொல்கிறேன் என்று மறுபடி ஆரம்பிப்பார். வெட்டி எறிய வேண்டிய அந்தத் துண்டு அப்படியே ஆட்டத்துக்குள் போய்விட்டது. புதியதிலும் அதைப் பத்திரமாக விட்டுவைத்திருக்கிறார்கள். அதே சமயம் பாத்திரம் வளரும் முறையை மாற்றியிருக்கிறார்கள், ஓட ஒரு பொத்தான் தந்திருக்கிறார்கள். ஆக, கண்ணுக்கு ரீமேக், கைக்கு ரீமாஸ்டர்.

இதற்கு நேர் எதிர் கிராஷ் பாண்டிகூட். 2017ல் வந்த மூன்றும் சேர்ந்த தொகுப்பை ரீமாஸ்டர் என்றுதான் விற்றார்கள். ஆனால் செய்தவர்கள் கையில் பழைய சோர்ஸ் கோடே கிடையாது. பழைய ஆட்டத்திலிருந்து நிலைகளின் வடிவத்தை மட்டும் எடுத்து, மீதி எல்லாவற்றையும் புதிதாக எழுதினார்கள். எழுதும்போது கிராஷின் காலடியில் மோதலைக் கணக்கிடும் வடிவம் மாறிப்போனது. அடிப்பக்கம் உருண்டையாகிவிட்டதால் விளிம்பில் கால் வைத்தால் வழுக்குகிறான். முதல் பாகத்தில் தொங்குபாலத்து நிலை ஒன்று உண்டு. பழையதிலேயே உயிரை வாங்கும். புதியதில் பழைய ஆட்களே கன்ட்ரோலரைத் தூக்கி எறிந்தார்கள்.

அடியில் பழைய கோடு ஓடும் ஒன்றுக்கும் அடியோடு புதிதாக எழுதிய ஒன்றுக்கும் ஒரே ரீமாஸ்டர் பெயர். அட்டையைப் பார்த்து ஒன்றும் தெரியாது.

#8 ஆட்டம்_குளோஸ்

அட்டைப் பெயர் என்பது விற்பனைப் பிரிவு வைப்பது. செய்தவர்கள் வைப்பதில்லை. இதற்கு மாஃபியாதான் உச்சம். 2020ல் மூன்று பாகத்தையும் டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற ஒரே பெயரில் விட்டார்கள். முதல் பாகம் 2002 ஆட்டத்தை அடியிலிருந்து எழுதிய முழு ரீமேக். இரண்டாம் பாகம் டெக்ஸ்சர் தேய்த்த ரீமாஸ்டர், வந்தபோது கோளாறு ஏராளம். மூன்றாம் பாகம் இருந்த ஆட்டத்தோடு கூடுதல் அத்தியாயங்களைச் சேர்த்துக் கட்டிய பொட்டலம், அவ்வளவுதான். மூன்று பெட்டிக்கும் மேலே ஒரே எழுத்து, ஒரே ரிப்பன்.

முதல் பாகத்தை மட்டும் வாங்கு தம்பி. தள்ளுபடியில் அடிக்கடி விழும்.

#9 கஞ்சப்பிரபு

இதைத்தான் நான் ஒரு வரியில் சொன்னேன்.

#10 சட்டகம்60

தொழில்நுட்பப் பக்கம் ஒன்று சேர்க்கிறேன். ரீமாஸ்டர் என்றால் சும்மா தெளிவைக் கூட்டி 60 ஃபிரேம் ஆக்குவது, என்ன பெரிய வேலை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பழைய ஆட்டங்கள் பலவற்றில் நேரக் கணக்கே ஃபிரேமோடு கட்டப்பட்டிருக்கும். ஒரு ஃபிரேமுக்கு ஒருமுறை இதைச் செய் என்று எழுதியிருப்பார்கள். 30 ஃபிரேமில் எழுதியதை 60ல் ஓட்டினால் அது வினாடிக்கு இரட்டிப்பு தடவை நடக்கும்.

டார்க் சோல்ஸ் 2ல் இதுதான் நடந்தது. 60 ஃபிரேமில் ஆடியவர்களின் வாள் இரட்டை வேகத்தில் தேய்ந்து உடைந்தது. ஒருமுறை வெட்டினால் பல ஃபிரேமுக்கு வாள் பிணத்தோடு ஒட்டி நிற்கும், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தேய்மானம். 2015ல்தான் அதைத் திருத்தும் பேட்ச் வந்தது.

புதிதாக எழுதினால் இந்தத் தொல்லை வராது என்றும் இல்லை. மூடுபனி புகழ்ந்த அந்த 2019 ரெசிடென்ட் ஈவில் 2ல், பிசியில் ஃபிரேம் ஏற ஏறக் கத்திக் குத்தின் பலமும் ஏறியது. வேகமாக முடிக்கும் போட்டிக்காரர்கள் அதை வைத்துத் திருவிழாவே நடத்தினார்கள்.

#11 பிரவுசிங்சென்டர்_ராஜா

எல்லோரும் பேசுகிறீர்கள், என் ரத்தம் கொதிக்கிற விஷயத்துக்கு யாரும் வரவில்லை. ஜிடிஏ. மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து வைஸ் சிட்டி ஆடிய தலைமுறை நாங்கள். ஆங்கிலம் புரியாமல், மிஷன் புரியாமல், மோட்டார் பைக்கில் கடற்கரைச் சாலையில் சும்மா சுற்றியே வளர்ந்தோம்.

2021 நவம்பரில் ஜிடிஏ 3, வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் மூன்றையும் சேர்த்து டெஃபினிட்டிவ் எடிஷன் வந்தது. மூலப் பிசி ஆட்டத்திலிருந்து எடுக்கவில்லை. மொபைலுக்குப் போட்ட பதிப்பிலிருந்து எடுத்து அன்ரியலில் ஏற்றினார்கள். கடைப் பலகை எழுத்துகளை மென்பொருளை விட்டுத் துலக்கியதில் எழுத்துப் பிழை முளைத்தது. ஒரு டோனட் கடை உச்சியில் ஆறுமுக நட்டு ஒன்று இருக்கும், கடைப் பெயரே அதை வைத்துத்தான். மூலைகளை வழவழப்பாக்குகிறேன் என்று அதை உருண்டையாக்கி வைத்தார்கள். கடைப் பெயரை ஒரு மனிதன் வாசித்திருந்தால் அது நடந்திருக்குமா?

எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை சான் ஆண்ட்ரியாசின் புகைமூட்டத்தை எடுத்தது. விமானத்தில் ஏறினால் வரைபடம் முழுக்க ஒரே பார்வையில் தெரிகிறது. ஊரைத் தாண்டிக் காடு, காட்டைத் தாண்டி மலை, மலையைத் தாண்டிப் பாலைவனம் என்று எத்தனை பெரிய மாநிலமாக மனதில் இருந்தது! மூட்டத்தை எடுத்ததும் சிலியாட் மலை நகரத்துக்குக் கொல்லைப்புறத்தில் நிற்கிறது. அந்த மூட்டம் பிஎஸ்2வின் இயலாமையை மறைக்கப் போட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஊரைப் பெரிதாக்கியதே அதுதான்.

ஜிடிஏவின் நிறுவனமான ராக்ஸ்டார் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 2024 நவம்பரில் வந்த அப்டேட்டில் பழைய ஒளியமைப்பை ஒரு தேர்வாகச் சேர்த்தார்கள். மூன்று வருடம்.

#12 மட்டுறுத்துநர்

பழைய ஆட்டங்களின் டவுன்லோடு இணைப்புப் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இங்கே வேண்டாம். விவாதம் தொடரட்டும்.

#13 ஆட்டம்_குளோஸ்

ராஜா அண்ணே, சரி, ஜிடிஏவை அவசரமாகச் செய்தார்கள், கெட்டது. ஆனால் நன்றாகச் செய்தாலும் நீங்கள் திட்டத்தான் போகிறீர்கள். டீமன்ஸ் சோல்ஸ் 2020ல் பிஎஸ்5வோடு வந்ததே, அதைவிடச் சுத்தமான வேலை உண்டா? அதற்கும் ஒரு கூட்டம் குறை சொன்னது. எதற்கும் ஒரு அளவு வேண்டும்.

#14 யமுனா_ஷேடர்

அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. வேலை சுத்தம், மறுக்கவில்லை. அதே புளூபாயின்ட்தான். எதிரி எங்கே நிற்பான், எந்த அடிக்கு எத்தனை நொடி என்பதெல்லாம் 2009 மாதிரியே. பிரச்சினை கண்ணுக்குத் தெரியும் அடுக்கில்.

அதில் குண்டு அதிகாரிகள் என்று ஒரு வகை எதிரி. அடிமைகளை மேய்க்கிறவர்கள். பழையதில் அவர்கள் முகத்தில் ஒட்டவைத்த மாதிரி ஒரு சிரிப்பு இருக்கும். கொழுத்த உடம்பு, நல்ல உடுப்பு, மாறாத சிரிப்பு. பார்த்ததும் எரிச்சல் வரும், யாரென்று சொல்லாமலே புரியும். புதியதில் முகம் முழுக்கக் கொப்புளமும் கட்டியும். மாடலைக் கட்டும் சிறு பரப்புகளான போலிகன்களின் எண்ணிக்கை எத்தனையோ மடங்கு கூடியிருக்கிறது, தோலின் துவாரம் தெரிகிறது. அந்தச் சிரிப்பைக் காணோம். சுரண்டிக் கொழுத்தவன் என்பது போய், நோய் பிடித்தவன் என்று ஆகிவிட்டது.

எங்கள் வேலையிலும் இது வரும். பழைய மாடலைக் கொடுத்து, இதை இன்றைய தரத்துக்குக் கொண்டுவா என்பார்கள். குறைந்த போலிகனில் ஒரு கோடு இருக்கும், அது சுருக்கமா, சிரிப்பா, நிழலா என்று தெரியாது. வரைந்தவரைக் கேட்க வழியில்லை. நாம் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். பத்துப் பேர் பத்து விதமாக முடிவு செய்வோம். மேற்பார்வையில் மூலத்தை அறிந்தவர் ஒருவர் இருந்தால் பிடிப்பார். இல்லையென்றால் கொப்புளம்தான்.

#15 ஆட்டம்_குளோஸ்

நியாயம். ஆனால் பழைய ஆட்டத்தை ஆடாத தம்பிக்கு அந்தச் சிரிப்பு இருந்ததே தெரியாது. அவனுக்கு அது குறையே இல்லை.

#16 மூடுபனி

அதுதான் சார் குறையே.

#17 உருமி_வீரன்

எல்லோரும் கதை விளையாட்டையே பேசுகிறீர்கள். போட்டி விளையாட்டில் கணக்கு வேறு. ஸ்டார்கிராஃப்ட் ரீமாஸ்டர்ட் 2017ல் வந்தபோது பன்னிரண்டு படைவீரர்களுக்கு மேல் ஒரே நேரத்தில் தேர்ந்தெடுக்க முடியாது என்கிற 1998 கட்டுப்பாட்டைக்கூட அப்படியே விட்டார்கள். வழி தெரியாமல் முட்டிக்கொண்டு நிற்கும் டிராகூன் என்கிற படைவகை உட்பட. கொரியாவில் இத்தனை வருடம் அதைப் பழகிப் பிழைப்பு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வசதி செய்கிறேன் என்று ஒரு குறையைத் திருத்தினால் அவர்களின் திறமையில் ஒரு துண்டு செல்லாக்காசாகிவிடும். ஒரு பொத்தானில் பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் மாறிக்கொள்ளலாம், அடியில் ஆட்டம் ஒன்றே.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வேறு வழியில் போனது. 1999ல் மூலம், 2013ல் எச்டி, 2019ல் டெஃபினிட்டிவ் எடிஷன். இந்தக் கடைசியில் படமெல்லாம் புதிது, ஆனால் விவசாயி ஆடு வெட்டும் அவசரம் அதே அவசரம். அதோடு நிற்காமல் வளர்ந்துகொண்டே இருக்கிறது. 2022 ஏப்ரலில் வந்த இந்திய வம்சங்கள் தொகுப்பில் திராவிடர் என்று ஓர் இனம் சேர்ந்தது. உருமி வீரன், திரிசடைக் கப்பல், ராஜேந்திர சோழனின் படையெடுப்பு என்று ஒரு முழுக் கதைத்தொடர். ஆட்கள் தமிழில் பதில் சொல்வார்கள். நைட் எனும் கனத்த குதிரைவீரர் வரிசை நமக்குக் கிடையாது, அதனால் திறந்த வெளியில் உதை வாங்குவோம். கப்பல் உள்ள வரைபடம் என்றால் நம் பக்கம் யாரும் வரமாட்டார்கள்.

1999 மூலத்தின் இனப் பட்டியலில் இந்தியாவே இல்லை. இருபது வருடத்துக்கு மேல் கழித்து ஒரு ரீமாஸ்டரில் தமிழ் பேசும் படையே வந்து நிற்கிறது. இது எந்த வகைக்குள் வரும் என்று எனக்குக் கவலையும் இல்லை.

#18 கஞ்சப்பிரபு

விலைக்கு வருவோம். ஸ்கைரிம் 2016ல் 64 பிட்டுக்கு மாறியபோது, பிசியில் ஏற்கெனவே முழுத் தொகுப்பையும் வாங்கியிருந்தவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். அது முறை. த லாஸ்ட் ஆஃப் அஸ் பாருங்கள். 2013ல் பிஎஸ்3, 2014ல் பிஎஸ்4 ரீமாஸ்டர், 2022ல் பிஎஸ்5 ரீமேக். ஒன்பது வருடத்தில் ஒரே கதைக்கு மூன்று டிக்கெட். கடைசியாக வந்தது 70 டாலர், அதிலும் பழைய பதிப்போடு வந்த ஆன்லைன் ஆட்டத்தை எடுத்துவிட்டுத் தந்தார்கள். 2014 பதிப்பே கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது.

#19 சட்டகம்60

அதைவிட மோசம் புதியதை விற்கப் பழையதை ஒளிப்பது. ஜிடிஏ தொகுப்பு வருவதற்கு முன்பே பழைய மூன்றையும் டிஜிட்டல் கடைகளிலிருந்து தூக்கிவிட்டார்கள். கூச்சல் எழுந்த பிறகுதான் தங்கள் சொந்தப் பிசி கடையில் திருப்பி வைத்தார்கள். டார்க் சோல்ஸ் ரீமாஸ்டர் 2018ல் வந்ததும் ஸ்டீமில் பழைய பதிப்பு விற்பனை நின்றது.

வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. 2018ல் மேடையில் ஒன்றைக் காட்டினார்கள், புதிய கோணத்தில் எடுத்த காட்சிகள் என்றெல்லாம் சொன்னார்கள். 2020 ஜனவரியில் வந்ததில் அவற்றில் பெரும்பகுதியைக் காணோம். அதோடு விட்டார்களா? புதியதை வாங்காமல் பழைய டிஸ்கையே வைத்திருந்தவனின் ஆட்டத்தையும் அப்டேட் என்ற பெயரில் புதிய கிளையன்ட்டுக்கு மாற்றினார்கள். பயனர் மதிப்பெண் பத்துக்கு ஒன்றைக்கூடத் தொடவில்லை.

ஒரு நல்ல உதாரணமும் சொல்ல வேண்டும். ரெசிடென்ட் ஈவில் முதல் மூன்றின் ரீமேக்குகளும் நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே, 2024ல் அதை வெளியிடும் கேப்காம் அவற்றின் 90களின் மூலப் பதிப்புகளை ஜிஓஜி கடையில் விற்பனைக்கு வைத்தது. இன்றைய விண்டோஸில் ஓடும்படி. முக்கியமாக மூன்றாம் பாகத்துக்கு இது அவசியம், ஏனென்றால் 2020 ரீமேக்கில் மணிக்கூண்டுப் பகுதியையே வெட்டிவிட்டார்கள்.

#20 யமுனா_ஷேடர்

சட்டகம் சொன்னதோடு ஒன்று. பல நேரம் ஒளிப்பதற்குக்கூடக் கையில் மூலம் இருக்காது. கிங்டம் ஹார்ட்ஸ் முதல் பாகத்தை எச்டி ஆக்கப் போனபோது அசல் தரவு தொலைந்துபோயிருந்தது. நிறைய பாகத்தைத் திரும்பச் செய்தார்கள். அன்றைக்கு ஆட்டம் கடைக்குப் போனால் வேலை முடிந்தது. அடுத்த திட்டத்துக்கு ஹார்டு டிஸ்க் வேண்டும், அழித்துவிடுவார்கள். பதினைந்து வருடம் கழித்து இது விலைபோகும் என்று யார் நினைத்தார்கள்?

நம் பக்கத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, சேண்ட்ஸ் ஆஃப் டைம். 2003 ஆட்டம். அதன் ரீமேக்கை 2020 செப்டம்பரில் அறிவித்தபோது யூபிசாஃப்டின் புனே, மும்பை கிளைகள் செய்கின்றன என்று கேட்டுத் துள்ளிக் குதித்தோம். முன்னோட்டம் வந்தது, படம் பழசாக இருக்கிறது என்று இணையம் முழுக்க வறுத்தார்கள். சொன்ன தேதிக்கு வரவில்லை. 2022ல் வேலையை மாண்ட்ரியலுக்கு மாற்றினார்கள். ரீமேக் என்றால் கதை, வரைபடம் எல்லாம் தயாராக இருக்கிறது, சுலபம் என்று வெளியே ஒரு எண்ணம். உண்மையில் எல்லோர் மனதிலும் ஒரு பழைய ஆட்டம் உண்மையைவிட அழகாக இருக்கிறது. அதோடுதான் நீங்கள் போட்டி போட வேண்டும்.

#21 பிரவுசிங்சென்டர்_ராஜா

இது உண்மை. பழைய வைஸ் சிட்டியை மறுபடி போட்டுப் பார்த்தேன். கார் ஓட்டுவது சோப்புக்கட்டியில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. இருந்தாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ளமாட்டேன்.

#22 புதுக்கன்ட்ரோலர்

மாஃபியா முதல் பாகம் வாங்கிவிட்டேன். ரெசிடென்ட் ஈவில் முதல் ஆட்டத்துக்கு எச்டி ரீமாஸ்டர் என்று ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, எடுக்கலாமா? அப்புறம் சைலன்ட் ஹில் 2. ரீமேக் என் கார்டுக்குத் தாங்குமா என்று பயமாக இருக்கிறது. பழையதை எச்டியில் வெளியிட்டதாகப் படித்தேன். அது பரவாயில்லையா?

#23 மூடுபனி

ரெசிடென்ட் ஈவில் எச்டியைக் கண்ணை மூடிக்கொண்டு எடு தம்பி. 1996 ஆட்டத்தை அதன் இயக்குநர் மிகாமியே 2002ல் நின்டெண்டோவின் கேம்கியூபுக்கு ரீமேக் செய்தார். அந்த ரீமேக்கின் ரீமாஸ்டர்தான் 2015ல் வந்த இது. வாங்கியதும் அமைப்புகளில் போய்ப் பழைய 4:3 திரையை வைத்துக்கொள். பின்னணிப் படங்கள் அந்த அளவுக்கே வரைந்தவை. அகலத் திரையில் வைத்தால் மேலும் கீழும் வெட்டி, நீ நடக்க நடக்கப் படத்தை நகர்த்திக் காட்டும். ஓவியத்தைச் சட்டத்துக்குள் இழுத்து இழுத்துப் பார்ப்பது போல இருக்கும்.

சைலன்ட் ஹில் எச்டி தொகுப்பு பக்கமே போகாதே. 2012ல் வந்தது. செய்த நிறுவனத்துக்கு, உரிமை வைத்திருக்கும் கொனாமி கொடுத்த சோர்ஸ் கோடு முழுமையானது இல்லை. கடைசிப் பதிப்பைச் சேமித்து வைக்காமல் விட்டிருந்தார்கள். அதனால் 2001லேயே சரி செய்து முடித்த கோளாறுகளை இவர்கள் மறுபடி முதலிலிருந்து தேடித் திருத்த வேண்டியதாயிற்று. ஏரியில் படகு ஓட்டும் காட்சியில் பனி விலகி, தண்ணீர் எங்கே நின்றுபோகிறது என்கிற விளிம்பு தெரியும். ஒரு பண்ணைப் பலகையில் காமிக் புத்தகத்து எழுத்து. ஊரே பனியால் கட்டியது, அதில் பனி இல்லை என்றால் என்ன மிச்சம்?

2024 ரீமேக் நல்லது. போலந்தின் புளூபர் டீம் செய்தது. மூலத்தின் இசையமைப்பாளர் யமவோகாவும் அரக்கர்களை வரைந்த இட்டோவும் கூட இருந்தார்கள், அது தெரிகிறது. பழையதைவிட நீளம் அதிகம். நடுவில் கொஞ்சம் இழுக்கும். ஆனால் அன்ரியல் 5, உன் கார்டு மூச்சு வாங்கும்.

பழையதையே ஆட வேண்டும் என்றால் ரசிகர்கள் செய்த என்ஹான்ஸ்டு எடிஷன் என்று ஒன்று உண்டு. பழைய பிசி பதிப்பின் மேல் ஏற்றுகிற இலவசத் திருத்தம். பனியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், ஒலிக் கோளாறுகளைச் சரி செய்திருக்கிறார்கள், அகலத் திரையும் வேலை செய்கிறது. காசு வாங்காதவர்கள் செய்தது, காசு வாங்கியவர்கள் செய்ததைவிட மேல். ஒரே சிக்கல், அடியில் வைக்க அந்தப் பழைய பிசி டிஸ்க் வேண்டும். அது இப்போது எந்தக் கடையிலும் விற்பனையில் இல்லை.

#24 கஞ்சப்பிரபு

என்னிடம் ஒன்று இருக்கிறது. விலை பேசலாம் தம்பி, தனிமடலில் வா.

#25 மட்டுறுத்துநர்

விற்பனைப் பேச்சுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது பிரபு.